ஐட்லிங் நிற்காத எஃப்ஐ ஸ்கூட்டர்: அந்த ஸ்குரூவைத் தொடுவதற்கு முன்

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் இருந்த காலத்தில் வண்டி சிக்னலில் அணைந்தால் ஒரே வைத்தியம்தான். மெக்கானிக் குனிந்து, சின்ன ஸ்குரூ டிரைவரால் ஐட்லிங் (ஆக்சிலேட்டர் பிடிக்காமலே எஞ்சின் ஓடும் நிலை) ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பி, கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டு, "போங்க சார், இனிமே அணையாம நிக்கும்" என்பார். பெரும்பாலும் நிற்கவும் செய்யும். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 என்ற புகை விதி கட்டாயமானதோடு அந்த ஸ்குரூவின் ராஜ்ஜியம் முடிந்தது. ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ், ஃபசினோ என்று நம் தெருவில் ஓடுகிற ஸ்கூட்டர்கள் அந்த மாற்றத்தில் எஃப்ஐ, அதாவது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டன. இப்போது பெட்ரோலைக் காற்று உறிஞ்சி எடுப்பதில்லை. ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதாவது இசியு, அளந்து பீய்ச்சுகிறது.

ஆனால் கைப்பழக்கம் போகவில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடியிலும் ஒரு ஸ்குரூ இருக்கிறது, பெயிண்ட் பொட்டு வைத்து. அது ஐட்லிங்கை ஏற்றி இறக்குவதற்காக வைத்ததல்ல. ஆக்சிலேட்டரை முழுதாக விட்டதும் உள்ளே இருக்கும் தட்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்று கம்பெனியில் அளந்து நிறுத்திய இடம் அது. அதைத் திருப்பினால் த்ராட்டில் சென்சார் சொல்லும் மூடிய நிலை அளவு மாறிவிடும். ஓட்டுபவர் இன்னும் லேசாக ஆக்சிலேட்டர் பிடித்திருக்கிறார் போல என்று இசியு நினைத்துக்கொண்டால், ஐட்லிங்கைத் தன் பொறுப்பில் எடுக்காது. அன்றைக்கு வண்டி அணையாமல் நிற்கும். பத்து நாளில் வேறு விதமாகத் தகராறு பண்ணும். அதற்குள் முதலில் இருந்த கோளாறின் தடயமும் அழிந்திருக்கும்.

எஃப்ஐ வண்டியைப் பொறுத்தவரை, எந்தப் பாகம் போச்சு என்று கேட்பதற்கு முன்னால், எப்போது அணைகிறது, எப்படி அணைகிறது என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சின்னச் சின்னக் குறைகளை எல்லாம் இசியு மாதக்கணக்கில் மூடி மறைத்துச் சமாளித்துக்கொண்டே வரும். அதன் கை மீறிப் போன அன்றுதான் நமக்குத் தெரியவருகிறது. அன்றைக்குப் புதிதாக எதுவும் கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்று மில்லிகிராம் கணக்கு

110 சிசி ஸ்கூட்டர் ஐட்லிங்கில் ஏறக்குறைய 1,700 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று ஓடும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பெட்ரோல். ஆக, நிமிடத்துக்கு 850 தடவை, விநாடிக்குப் பதினான்கு தடவை பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் விழும் பெட்ரோல், கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 3 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மில்லிகிராம் இருக்கும். அந்தச் சொட்டைப் பதினைந்தாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு வெடிப்புக்கு. நாற்பதில் போகும்போது காற்றோ பெட்ரோலோ கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வண்டி கண்டுகொள்ளாது. ஐட்லிங்கில் அந்தத் தாராளம் கிடையாது. எந்தக் கோளாறும் முதலில் இங்கேதான் தலைகாட்டும்.

காற்று எப்படிப் போகிறது? தட்டு மூடியிருக்க, அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சின்னப் பக்கவழி உண்டு. நம் ஸ்கூட்டர்கள் பலவற்றில் அந்த வழியை ஸ்டெப்பர் மோட்டார் வைத்த ஒரு வால்வு கூட்டிக் குறைக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் ஐஏசிவி, ஐஎஸ்சி என்றெல்லாம் அதற்குப் பெயர். நாம் ஐட்லிங் வால்வு என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சின் குளிர்ந்திருந்தால் வால்வு அகலத் திறக்கும், சூடானதும் சுருங்கும். உள்ளே வந்த காற்று எவ்வளவு என்பதை எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை வைத்து இசியு கணக்கிடுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

என் வண்டியையே எடுத்துக்கொள்வோம். இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஸ்பீட் பிரேக்கருக்கு ஆக்சிலேட்டரை விட்டால் ஒரு குலுக்கல், அப்புறம் அமைதி. செல்ஃப் போட்டால் உடனே எடுத்துக்கொள்ளும். பாலக்கரையில் ஒரே சிக்னலில் மூன்று தடவை அணைந்து, பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் என் குலத்தையே விசாரித்தார். ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "ஃப்யூயல் பம்ப் மாத்தணும் சார்" என்று ஒரு தொகையை எழுதி நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு, பழக்கமான மெக்கானிக் பாயிடம் போனேன்.

"மேம்பாலம் ஏறும்போது இழுக்குதா தம்பி?"

"அதெல்லாம் நல்லா இழுக்குது பாய்."

"பம்ப் போயிருந்தா அங்கதானே மொதல்ல முக்கும்? சும்மா நிக்கும்போது அதுக்கு என்ன வேலை?"

இந்த ஒரு கேள்வியில் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. எஃப்ஐ ஸ்கூட்டரின் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருந்து சுமார் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. நாம் பின் டயருக்கு அடிக்கும் காற்றைவிட அதிகம். பம்ப் தளர்ந்தாலோ அதன் அடிச் சல்லடை அடைத்தாலோ, பெட்ரோல் நிறையத் தேவைப்படும் இடத்தில்தான் முதலில் திணறும். ஏற்றம், இரண்டு பேர், முழு ஆக்சிலேட்டர். அங்கே எல்லாம் சரியாக ஓடி, கையை விட்டதும் மட்டும் அணைகிற வண்டிக்குப் பம்ப் மாற்றுவது கால்வலிக்குக் கண்ணாடி போடுவது மாதிரி.

த்ராட்டில் பாடியைக் கழற்றினார். தட்டைத் திறந்து டார்ச் அடித்தால், தட்டு போய் உட்கார்கிற விளிம்பில் மோதிரம் மாதிரி ஒரு கருப்பு வளையம். விரலால் தடவினால் மை போல ஒட்டியது. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி வெளியே போகக் கூடாது என்பதால் அதை ஏர் ஃபில்டர் பெட்டி வழியாகத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புகிறார்கள். அந்த ஆவியும் தூசியும் சேர்ந்து பிடித்த கரி அது. ஐட்லிங் வால்வின் பக்கவழியிலும் அதேதான். வழி சுருங்கச் சுருங்க, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலத் திறந்து இசியு ஈடுகட்டி வந்திருக்கிறது. முழுதாகத் திறந்தும் போதாமல் போன நாள் பாலக்கரை.

சுத்தம் செய்வதிலும் ஒரு பக்குவம் வேண்டும். சில த்ராட்டில் பாடிகளின் உட்சுவரில் மாலிப்டினம் பூச்சு இருக்கும். கார்பரேட்டர் கிளீனரை அப்படியே பீய்ச்சி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் கரியோடு பூச்சும் போகும். த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது. சென்சார் துளைகளுக்குள் போகக் கூடாது. வால்வின் முனையைக் கையால் திருகிப் பார்க்கும் ஆர்வத்தையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

வண்டி அணையாமல் நின்றது. ஒரு வாரம். அப்புறம் ஐட்லிங் தானாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஊஞ்சல் மாதிரி.

இங்கேதான் அந்த அழுத்தக் கணக்கு வருகிறது. த்ராட்டில் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. மறுபடி மாட்டும்போது அது நசுங்கி, ஓரத்தில் காற்று கசிந்திருக்கிறது. கார்பரேட்டர் வண்டியில் இப்படித் திருட்டுக் காற்று நுழைந்தால் கலவை வெளுத்துப்போய், அதாவது பெட்ரோல் பங்கு குறைந்து, வண்டி அணையப் பார்க்கும். எஃப்ஐயில் அழுத்தம் கூடியதை சென்சார் பார்த்து, காற்று அதிகம் வருகிறது என்று பெட்ரோலையும் கூட்டுகிறது. ஐட்லிங் ஏறுகிறது. ஏறிவிட்டதே என்று வால்வை மூடுகிறது. இறங்குகிறது. மறுபடி திறக்கிறது. ஆகவே ஐட்லிங் தாழ்ந்து போய் அணைந்தால் வழி அடைப்பு, ஏறி ஏறி இறங்கினால் எங்கோ கசிவு என்று முதல் சந்தேகத்தை வைக்கலாம். எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் தேட ஓர் இடம் கிடைக்கிறது. என் வண்டிக்கு ஓர் ஓ-ரிங்கோடு முடிந்தது.

எப்படி அணைகிறது?

அணைவதில் இரண்டு ஜாதி. ஒன்று, முக்கி, குலுங்கி, இரண்டு துடிப்பு தவறி, பிறகு அணைவது. இன்னொன்று, யாரோ சாவியைத் திருப்பிவிட்டது போல டப்பென்று அணைவது. முதல் வகை என்றால் காற்று, பெட்ரோல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுந்துவது) பக்கம் பாருங்கள். இரண்டாம் வகை என்றால் கரண்ட் பக்கம். த்ராட்டில் பாடியைத் தொடவே வேண்டாம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்காவின் வண்டி இரண்டாம் வகை. பள்ளத்தில் இறங்கினால் அணையும், மீட்டர் ஒரு கணம் இருண்டு வெளிச்சமாகும். மீட்டர் இருண்டது என்று அவர் சொன்னதும் மற்ற எதையும் பார்க்கவில்லை. பேட்டரி நெகட்டிவ் டெர்மினல் கையாலேயே ஆடியது. கார்பரேட்டர் வண்டிக்கு பேட்டரி செத்தாலும் கிக்கர் அடித்து வீடு போய்ச் சேரலாம். எஃப்ஐயில் பம்ப், இன்ஜெக்டர், இசியு எல்லாம் கரண்டில்தான் உயிர் வாழ்கின்றன. இசியுவுக்கு ஒரு கணம் கரண்ட் போனாலும் எஞ்சின் போகும்.

பேட்டரி தளர்ந்திருப்பது இதைவிடத் தந்திரமானது. இன்ஜெக்டர் திறக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும், வோல்ட் குறைந்தால் அந்த நேரம் நீளும். இசியு அதற்கும் ஒரு திருத்தம் போட்டுக்கொள்ளும், ஓர் எல்லை வரை. 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும் வரை முன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. சிக்னலில் நிற்கிறீர்கள். முன் விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் எரிகின்றன. ஐட்லிங்கில் சார்ஜிங்கோ குறைவு. கைவசம் இருப்பது 3 அல்லது 4 ஆம்பியர்-மணி பேட்டரி. இண்டிகேட்டர் மின்னும் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் சத்தம் லேசாகத் தாழ்கிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும், ஓடும்போது ரைஸ் பண்ணினால் 14 பக்கம் வர வேண்டும். இருபது நொடி வேலை. இதைப் பார்க்காமல் சென்சார் மாற்றியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

டப்பென்று அணைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சைடு ஸ்டாண்ட் போட்டால் எஞ்சின் அணையும் வசதி உள்ள வண்டிகளில் அந்த ஸ்விட்சில் சேறு புகுந்துவிடும். வண்டி விழுந்தால் அணைக்கும் சாய்வு சென்சார் சில வண்டிகளில் தளர்ந்து ஆடும். சூடானால் மட்டும் செத்து, அரை மணி ஆறினால் பிழைக்கும் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழல்வதை இசியுவுக்குச் சொல்வது) ஒரு தனி ரகம். அணைந்த அந்த நிமிடத்தில் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தால்தான் அது பிடிபடும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். அவர் முன்னால் சமர்த்தாக ஓடும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஆக்டிவா 125, ஜூபிடர் போன்ற சில வண்டிகளில் நின்றதும் தானே எஞ்சினை அணைத்து, ஆக்சிலேட்டர் திருகியதும் எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. வாங்கும்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "சிக்னலுக்கு சிக்னல் அணையுது" என்று வந்த ஒருவருக்கு அந்த ஸ்விட்சை ஆஃப் செய்து கொடுத்ததோடு வைத்தியம் முடிந்தது.

எப்போது அணைகிறது?

காலையில் மட்டும் தகராறு, ஒரு கிலோமீட்டர் போனதும் சரி என்றால், குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டிய பெட்ரோலோ காற்றோ கிடைக்கவில்லை. ஐட்லிங் வால்வு, வெப்ப சென்சார், பழைய பிளக் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். இப்போது பங்கில் கிடைக்கும் ஈ-20 பெட்ரோலும் கொஞ்சம் சேரும். சுத்தப் பெட்ரோல் 1 கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், 20 சதவீதம் எத்தனால் கலந்தால் 13.5 அளவே போதும். அதாவது அதே காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போக வேண்டும். எஞ்சின் சூடான பிறகு சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு திருத்திக்கொள்ளும். குளிராக இருக்கும் முதல் சில நிமிடங்கள் அது கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறது. ஈ-10க்கு அளவு வைத்த 2020 வண்டிகளில் காலையில் லேசான தடுமாற்றம் இதனால் வரலாம். ஆனால் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டுவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் இருப்பதும் சோம்பேறித்தனம்தான்.

மழைக்குப் பிறகு என்றால் டேங்கில் தண்ணீர். பெட்ரோல் மூடியைச் சுற்றித் தேங்கும் நீர் வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். மண் அடைத்தால் நீர் அங்கேயே நின்று, மூடியைத் திறக்கும்போது உள்ளே இறங்கும். கொஞ்சம் தண்ணீரை எத்தனால் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு போய் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் கோடு போட்டது போல் தெரியும்.

டேங்க் ஃபுல் செய்த அன்று மட்டும் ஐட்லிங் கெடுகிறதா? ஆவி வெளியேறாமல் பிடித்து வைக்கும் கரி டப்பா ஒன்று இப்போதைய வண்டிகளில் இருக்கிறது. கழுத்து வரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அதற்குள் போய், அங்கிருந்து எஞ்சினுக்குக் கணக்கில் வராத கூடுதல் தீனி போகும். நாசில் ஒரு தடவை தானாக நின்றதோடு போதும் என்று பங்கில் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடவா" என்று கேட்பார்கள், வேண்டாம்.

சூடானால் அணைகிறது, ஆறினால் சரி என்ற வகையில் நான் அதிகம் பார்த்தது டாப்பெட் டைட், அதாவது எஞ்சின் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துபோவது. லூஸ் டாப்பெட் டிக் டிக் என்று சத்தம் போடும், நாமும் ஓடிப்போய்க் காட்டுவோம். டைட் டாப்பெட் சத்தமே போடாது. எஞ்சின் வால்வு உட்காரும் இடம் தேயத் தேய இடைவெளி குறைகிறது. சூட்டில் வால்வுத் தண்டு நீண்டதும் அது முழுதாக மூடாமல் போகிறது. கம்ப்ரஷன் கசிகிறது. வேகத்தில் கசிய நேரமில்லை, ஐட்லிங்கில் நிதானமாகக் கசியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அளவு மாடலுக்கு மாடல் வேறு, மேனுவலில் இருக்கும். "வண்டி நைஸா ஓடுதே, டாப்பெட் எதுக்கு" என்று தள்ளிப்போட்டு இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்களின் வண்டிகளில் இதை முதலில் பார்ப்பேன்.

எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாமலும் அணையலாம். டிரம்மைப் பிடித்து எஞ்சினின் இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் ஷூவின் ஸ்பிரிங் தளர்ந்தால், நின்ற பிறகும் அது டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்து நிற்கும்போது எஞ்சின் அந்த இழுவையைத் தாங்காமல் அணையும். நடு ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பின் சக்கரம் லேசாகச் சுற்றினால் பரவாயில்லை. விறுவிறுவென்று சுற்றி, பிரேக் பிடித்ததும் எஞ்சின் சத்தம் அமுங்கினால் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டும்.

இனி மீட்டரில் எரியும் எஞ்சின் விளக்கு. அது எரியவில்லையே, அப்படியானால் எல்லாம் சரிதானே என்று பலர் கேட்கிறார்கள். அந்த விளக்கு முக்கியமாகக் கரண்ட் சம்பந்தமான குறைகளைத்தான் சொல்லும். சென்சார் வயர் அறுந்தது, அளவு நம்ப முடியாதபடி வருகிறது, இப்படி. கரி, ஓ-ரிங், டாப்பெட், கிளட்ச், தண்ணீர் எதற்கும் பெரும்பாலும் அது எரியாது. எரிந்தால் நல்ல காலம், தேடும் இடம் குறைகிறது. ஸ்கேனர் இல்லாத இடத்திலும் 2023-க்கு முந்தைய ஹோண்டா ஸ்கூட்டர்களில் அந்த விளக்கு மின்னுவதை எண்ணியே குறையைப் படிக்கலாம். நீண்ட மின்னல் பத்து, குறு மின்னல் ஒன்று. பொதுவாக 1 என்றால் அழுத்த சென்சார், 7 வெப்ப சென்சார், 8 த்ராட்டில் சென்சார், 12 இன்ஜெக்டர், 29 ஐட்லிங் வால்வு. அப்போதும் பாகத்தை உடனே மாற்றாமல், முதலில் அதன் சாக்கெட்டைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை இருக்கைக்கு அடியில் நீட்டுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய.

இசியுவே போய்விட்டது என்று யாராவது சொன்னால் மட்டும் இரண்டாவது ஆளிடம் காட்டுங்கள். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலோ தண்ணீருக்குள் நின்றாலோ அது போகும், சும்மா போவது அபூர்வம்.

என் வண்டி இப்போது அணையாமல் நிற்கிறது. ஆனால் மதிய வெயிலில் அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டினால் ஐட்லிங்கில் ஒரு துடிப்பு தவறுகிற மாதிரி இருக்கிறது. ஆறினால் இல்லை. சத்தமும் இல்லை. ஞாயிறு காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க பாய் என்னை வரச் சொல்லியிருக்கிறார்.